உம்மா அனுப்பிய ரிமோட்

குவைத்திலிருந்து உம்மா அனுப்பிய காகோ பெட்டியில், பால்மா டின்களுக்கும் போர்வைகளுக்கும் நடுவே, பழைய துவாய் ஒன்றில் சுற்றி ஒரு கேம் ரிமோட் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு பெருவிரலாலும் ஆட்டுகிற வகை. அதைக் கொழுவி விளையாடும் மெசின் மட்டும் இருக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்து உதறியும் பார்த்துவிட்டேன்.

அப்போது நாங்கள் பாலாவிக்குப் பக்கத்தில் இருந்தோம். நான் பிறந்தது அங்கேதான் என்றாலும், குடும்பம் சண்டைக் காலத்தில் மன்னாரை விட்டு வந்தது என்பதால் எங்களை மன்னார் ஆக்கள் என்றுதான் சொல்வார்கள். சண்டை முடிந்திருந்தது. ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்று பெரியவர்கள் கதைத்துக் கதைத்தே களைத்துப்போயிருந்தார்கள். அந்தக் கதை எப்போது முடிவது, எங்கே இருந்தாலும் தலைக்கு மேல் கூரை வேண்டுமே என்று உம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனார். அவர் போகும்போது எனக்குப் பேச்சு வந்திருக்கவில்லை. பேச்சு வந்தபின் நான் உம்மாவோடு பேசியதெல்லாம் தொலைபேசியில்தான்.

தொலைபேசியில் உம்மாவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பையன் அரபியில் கத்திக்கொண்டிருப்பான். உம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டு அவனுக்கு ஏதோ சொல்வார். அந்தக் குரல் எனக்குக் கிடைக்கிற குரலைவிட மென்மையாக இருக்கும். முதலாளியின் பிள்ளை, அதனால் மரியாதையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ரிமோட்டைப் பற்றி நான் கேட்டபோது உம்மா சொன்னது இவ்வளவுதான்: “அத பத்திரமா வைங்க மகள். நான் வந்து எடுத்துக்கிறன்.”

மெசின் பெரிய சாமான், அதைக் கையோடுதான் கொண்டு வருவார் என்று நானும் என்னை வளர்த்த மாமியும் முடிவு செய்தோம். மாமி என்பது வாப்பாவின் ராத்தா, அவருக்கு மூத்தவர். எதையும் முடிவு செய்ய அவருக்கு அதிக நேரம் தேவைப்படாது. ரிமோட் கண்ணாடி அலுமாரிக்குள் போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தொடுவதற்கு யாருக்கும் அனுமதியில்லை, எனக்கும்தான்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உம்மா வருவதாக இருந்தது. குவைத் வீட்டுக்காரர்கள் விடுகிறார்கள் இல்லை, இன்னும் ஒரு வருடம் நிற்கச் சொல்கிறார்கள் என்று செய்திதான் வந்தது. நான் நிலத்தில் விழுந்து கிடந்து அழுதேன். மாமி அதட்டினார், கெஞ்சினார், கடைசியில் தன்பாட்டில் சமைக்கக் குசினிக்குள் போய்விட்டார். பின்னேரம் வாப்பா உப்பளத்திலிருந்து வந்தபோதும் நான் அழுதுகொண்டுதான் கிடந்தேன். கால் கழுவினாலும் அவருடைய வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்தக் காலோடு என் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். வேலை முடிந்து வந்து அழுகிற பிள்ளைக்கு முன்னால் நிற்பது எவ்வளவு அலுப்பு என்று இப்போது தெரிகிறது. வாப்பா அலுமாரியைத் திறந்து ரிமோட்டை எடுத்தார்.

“எழும்புங்க மகள். இதுக்குள்ள என்ன இருக்கெண்டு பாப்பம்.”

எதையாவது கழற்றாமல் வாப்பாவால் இருக்க முடியாது. பாட்டு நின்றுபோன ரேடியோ, எரிந்த சார்ஜர், நெருப்பு மணக்கும் அயன், எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். “ஊர்ல உள்ள மையத்தெல்லாம் இங்கதான் வருது” என்பார் மாமி. வந்த பிணங்களில் உயிரோடு திரும்பிப் போனவை குறைவு. ஆனாலும் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்ததும் வாப்பாவின் முதுகு கொஞ்சம் நிமிரும். அதைப் பார்ப்பதற்காகவே நான் பக்கத்தில் குந்துவேன்.

ரிமோட்டின் இரண்டு கைப்பிடிக்குள்ளும் ஒவ்வொரு சின்ன மோட்டர் இருந்தது. ஒவ்வொன்றின் அச்சிலும் ஒரு பக்கம் மட்டும் கனத்த இரும்புத் துண்டு. அது கோணலாகச் சுற்றுவதால்தான் விளையாடுகிறவனின் கை அதிரும் என்று வாப்பா சொன்னார். குறட்டால் அந்த இரும்பைக் கழற்றி ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் போட்டார். ஐஸ்கிரீம் கோப்பையின் மூடியை வெட்டி இரண்டு காற்றாடி செய்து அச்சுகளில் பொருத்தினார். மீன் பெட்டியின் இலேசான வெள்ளை ரெஜிபோமை அறுத்துப் படகாக்கி, மோட்டர்களை அதன் பின்பக்கத்தில் உயர்த்தி வைத்தார். செத்த ரேடியோக்களிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர் வந்தது. டோர்ச் பற்றரி வந்தது. ரிமோட்டின் நீள வயரே படகுக்கும் கைக்கும் நடுவே ஓடியது. இடது குமிழைத் தள்ளினால் இடது காற்றாடி, வலது குமிழுக்கு வலது. அதிகம் தள்ளினால் அதிக வேகம். கடையில் வாங்கிய சாமான் ஒன்றுகூட இல்லை.

உப்பளத்து ஓரத்தில் கடல்தண்ணீர் தேங்கி நிற்கும் பாத்தியில் படகை விட்டோம். ஓடியது! வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் எங்கள் கடல். ஆனால் அதற்குள் படகு நான் சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது. ஒரு குறை மட்டும் இருந்தது. இடது குமிழின் ரப்பர் தேய்ந்து மழமழவென்றிருந்ததால் என் விரல் வழுக்கும், படகு வட்டமடிக்கும். வாப்பா சைக்கிள் டியூபில் ஒரு கீற்று வெட்டி அந்தக் குமிழில் இறுக்கிச் சுற்றிவிட்டார். அதற்குப் பிறகு வழுக்கவில்லை. உம்மா வராத அந்த வருடம் எனக்கு அந்தப் படகோடுதான் கழிந்தது.

அடுத்த வருடம் உம்மா வந்தார். கையில் மெசின் ஒன்றும் இல்லை. வந்த கிழமை முழுக்கத் தூங்கினார். நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். கண் விழித்தால் என்னைக் கூப்பிட்டு அணைத்து, தலையை முகர்ந்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். எனக்கு அது போதவில்லை.

ஒருநாள் எழும்பி வந்து அலுமாரியைத் திறந்து தேடினார். “அந்த ரிமோட் எங்க?”

இதற்காகவே காத்திருந்தவள் போல நான் ஓடிப்போய்ப் படகைத் தூக்கி வந்தேன். வாப்பாவும் பின்னால் வந்து நின்றார். அவர் முகத்தில் ஒரு பிள்ளைச் சிரிப்பு. மோட்டரை ஓடவிட்டுக் காட்டினேன். காற்றாடிகள் உம்மாவின் முந்தானையைப் பறக்கவைத்தன.

உம்மா காற்றாடியைப் பார்க்கவில்லை. ரிமோட்டை வாங்கினார். இடது குமிழில் சுற்றியிருந்த டியூபின் நுனியை நகத்தால் கிளப்பி மெல்லச் சுற்றிச் சுற்றிக் கழற்றினார். தேய்ந்த ரப்பர் வெளியே வந்ததும் தன் பெருவிரலை அதில் வைத்தார்.

“சோறு ஊட்டேக்கயும் இதுல இருந்து விரல எடுக்க மாட்டான்” என்றார்.

“யாரு?” என்றார் வாப்பா.

“அங்கத்த பொடியன். புதுசு வாங்கினதும் இத குப்பைக்குள்ள போட்டுட்டாங்க. நான் எடுத்து வச்சன்.” பிறகு என்னைப் பார்த்தார். “படகு நல்லா இருக்கு மகள்.”

சொல்லிவிட்டுப் போய் மறுபடி படுத்துக்கொண்டார். பழஞ்சாமானைப் பாவித்ததற்கு இப்படி ஒரு முகமா என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் பள்ளிக்கூடப் பையை வைக்கப் போனபோது வாப்பா நிலத்தில் துணி விரித்து உட்கார்ந்திருந்தார். படகு அவர் முன்னால் கிடந்தது. மோட்டர்கள் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம். காற்றாடிகளை ஏற்கனவே பிடுங்கியிருந்தார். சவர்க்காரப் பெட்டியைத் திறந்து அந்தக் கோணல் இரும்புகளை அச்சில் வைத்துத் தட்டி இறக்கினார். மோட்டர்களைக் கைப்பிடிக்குள் வைத்து, வயரைப் பழையபடி பற்றவைத்தார். எங்கள் வீட்டில் எதிலும் கொழுவ முடியாத ஒன்றுக்காக, ஓடுகிற ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார். நான் காலை உதைத்துக் கத்தினேன்.

“கத்தாதீங்க. உம்மா படுக்கிறா.”

“என்ட படகு! ஏன் வாப்பா உடைக்கிறீங்க?”

அவர் தலை நிமிரவில்லை. அன்று ஸ்குரூ டிரைவர் கையில் இருந்தும் முதுகு வளைந்தே இருந்தது.

“உம்மா அங்க ஒரு புள்ளய விட்டுட்டு வந்திருக்கா மகள்.”

எனக்கு வாப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. வெயிலில் நின்று நின்று மனிதருக்கு எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் குந்தி, பிழையைத் திருத்தினேன்.

“உம்மாக்கு நான் ஒராள்தானே வாப்பா?”

அவர் கடைசி ஸ்குரூவை இறுக்கி முடித்தார். பிறகு ரிமோட்டை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

“ஓம்” என்றார்.

அந்த ஓம் எனக்குப் போதுமாக இருந்தது. ரிமோட்டை நானே கொண்டுபோய் உம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் ரெஜிபோமைத் தூக்கிக்கொண்டு பாத்திக்கு ஓடினேன்.