பதினேழில் நிறுத்த வேண்டிய நெல்

போன வாரம் அரிமளம் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தத்தைத் தவறவிட்டாயிற்று. சாப்பாட்டுக்காவது போய்ச் சேரலாம் என்று பைக்கை விரட்டினால்... பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

நெல்லுக்கு நடுவே ஒரு பெண். பெயர் செல்லம்மா என்று பிறகு தெரிந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். காலாலேயே நெல்லைக் கிளறிக்கொண்டு, இரண்டு அடிக்கு ஒருமுறை வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. எதிரிலேயே அரசு நெல் கொள்முதல் நிலையம். பிறகு ஏன் நெல் ரோட்டில் கிடக்கிறது?

விஷயம் இதுதான். ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். நன்றாகக் காயவைத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். காயக் காய எடை குறையுமே! அதனால் எங்கள் பக்கத்தில் சரியாகப் பதினேழில் கொண்டுபோய் நிறுத்தப் பார்ப்பார்கள். அளக்கும் கருவி — பல். ஒரு நெல்லைக் கடித்து, உடைகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

முந்தின நாள் செல்லம்மாவின் பல் பதினேழு என்றது. நிலையத்து மெஷின் பத்தொன்பது என்றது. மூட்டைகள் திரும்பிவிட்டன.

"அதுக்கு என்னண்ணே தெரியும்? சோறா திங்குது அது?" என்றார் என்னிடம்.

மழை விழுந்தால் அத்தனை நெல்லும் முளைத்துவிடும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் கிளற இறங்கினேன்.

கிளறியபடியே பேச்சு. அவருடைய மேட்டு நிலத்தில் முன்பெல்லாம் நிலக்கடலைதானாம். இப்போது போர்வெல் போட்டு நெல். பம்புக்குக் கரண்ட் இலவசம், யூரியாவுக்கு மானியம், விளைந்ததை வாங்க அரசாங்கம். வேறென்ன வேண்டும்? அரிசியில் நாடு தன்னிறைவு கண்டது இப்படித்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன் — ரேஷன் கடையில் அரிசி இல்லாத நாளை நினைத்துப் பாருங்கள். ஆனால் செல்லம்மாவின் போர் வருஷா வருஷம் ஆழம் போகிறது. நாம் தாளிக்கிற எண்ணெயோ பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது.

ஒரு மணி நேரம் கழித்து நிலையத்து ஊழியர் வந்து மெஷினில் நெல்லைப் போட்டார். பதினாறு. எடை போட்டு, மூட்டை தைத்து, தார்ப்பாயை இழுத்து மூடவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது.

நன்றி சொல்வார் என்று நின்றேன்.

"ஒரு பாயிண்டு கூடவே காஞ்சுபோச்சு. ஒங்கள யாருண்ணே இம்புட்டுக் கிண்டச் சொன்னா?"

அசடு வழிந்தபடி, மறுபடியும் கடலை போட்டால் என்ன என்று பேச்சை மாற்றினேன். செல்லம்மா மெஷினைக் கை காட்டினார்.

"கடலைக்கும் இங்கிட்டு ஒரு மிசின வச்சு வாங்கச் சொல்லுங்க. மறு போகமே வெதைக்கிறேன்."

வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்திதான் கிடைத்தது. சோறு நம்ம ஊர் நெல். அப்பளம் பொரித்த எண்ணெய்தான் எந்த நாட்டுடையதோ...