வாயிலிருந்து பிடுங்கிய அரை முட்டை

முட்டைக்காரர் தன் மனைவியின் வாயிலிருந்து முட்டையைப் பிடுங்கிவிட்டார் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு. மச்சினன் வீட்டு விருந்தில், அத்தனை பேர் பார்க்க, இலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பிடுங்கினாராம். என் காதுக்கு முதலில் வந்தபோது அது அரை முட்டையாகத்தான் இருந்தது. தையல்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது முழு முட்டையாகிவிட்டது. சலவைக்கடையைத் தாண்டியதும் கன்னத்தில் ஓர் அறையும் சேர்ந்துகொண்டது.

"கிடங்கு முழுக்க முட்டை அடுக்கி வெச்சிருக்கான் சார். கட்டினவளுக்கு ஒண்ணு குடுக்க மனசு வரல. அந்தம்மாவுக்குச் சத்தே இல்லாம காலு ரெண்டும் வீங்கிக் கிடக்கு" என்றார் தையல்காரர், வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு. குண்டூசியோடு பேசுகிறவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஆனாலும் ஒருவரைக் கருமி என்று எழுதுவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது. கருமி வழக்குப் போடமாட்டார், வக்கீலுக்குக் காசு கொடுக்க வேண்டுமே. ஆனால் நேரில் வந்துவிடுவார், அதற்குச் செலவில்லை.

எனவே முட்டை வாங்கும் சாக்கில் நானே போனேன்.

கடை நீளமானது, தெருவைவிட ஒரு படி இருட்டு. அட்டைத் தட்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. மூலையில் ஒரு மரப்பெட்டி; உள்ளே பல்பு, மேலே முட்டை உட்காருகிற அளவுக்கு ஒரு ஓட்டை. முட்டைக்காரர் ஒவ்வொரு முட்டையாக எடுத்து அந்த வெளிச்சத்தின் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிசல், ரத்தப் பொட்டு, பழசு, புதுசு எல்லாம் ஓடு உடையாமலே தெரிந்துவிடும்.

"விரிசல் விட்டதை பேக்கரிக்காரர் எடுத்துக்குவாரு. அவர் எடுக்காதது பூனைக்கு" என்றார்.

"பூனைக்கு முட்டையா! தாராளம்தான்."

"சும்மாவா குடுக்கறேன்? எலி புடிக்குதில்ல."

கருமியா இல்லையா என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. "வீட்டுல அம்மா முட்டை சாப்பிடுவாங்களா?" என்று மெல்ல நூல் விட்டுப் பார்த்தேன்.

சுற்றிக்கொண்டிருந்த முட்டை நின்றது.

"தையல்காரர் அனுப்பினாரா, சலவைக்காரரா?"

"ரெண்டு பேரும்தான்."

"அறைஞ்சேன்னு சொன்னாங்களா?"

"சலவைக்கடை வரைக்கும் அறை இல்லை."

"பிடுங்கினது நெஜம். அறை பொய். உக்காருங்க" என்று ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

கதை கழிப்பறையிலிருந்து தொடங்கியது. அவர் மனைவியின் சிறுநீரில் நுரை வந்தது. கழுவிய சோப்புத்தூள் சரியாகப் போகவில்லை என்று அந்த அம்மாள் சோப்புத்தூளை மாற்றினார். நுரை மாறவில்லை. பிறகு காலையில் இமை உப்பியது, சாயங்காலம் பாதம் உப்பியது, ஒருநாள் பாதம் செருப்புக்குள் நுழைய மறுத்துவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் காகிதத்தை நீட்டியவர், "சிறுநீர்ல புரதம் போகுது" என்றார்.

"புரதம்னா என்னங்க?"

"அட, உங்க கடையில விக்கிறீங்களே, முட்டையில இருக்கறதுதான்."

அந்தக் கூடத்துக்கு வந்து, அந்தக் காகிதத்தை வாங்கி, நிம்மதியோடு வீடு திரும்பிய ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். "இரும்பு போகுதுன்னா நான் எங்க போவேன்? தங்கம் போகுதுன்னா? முட்டைதானே போகுது! ஒழுகறதுக்கு மேல ஊத்திட்டா போச்சுன்னு நெனச்சேன்."

ஊற்றினார். காலையில் அவித்து, மத்தியானம் பொரித்து, ராத்திரி பாலில் அடித்து. உயர்ந்த ரகம், வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அந்த அம்மாளும் மறுக்காமல் சாப்பிட்டார். நுரை கூடியது. அவர் முட்டையைக் கூட்டினார். பிறகுதான் சிறுநீரக மருத்துவரிடம் போனார்கள்.

அந்த டாக்டரம்மா மேசையில் கிடந்த காகிதக் கிளிப்புகளை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டே பேசினாராம். முட்டைக்காரர் அதை அப்படியே நடித்துக் காட்டினார், கிளிப்புக்குப் பதில் ரப்பர் வளையங்களை வைத்துக்கொண்டு.

"இது ஒரு அமினோ அமிலம்னு வெச்சுக்குங்க. இதுல இருபது தினுசு இருக்கு. நூத்துக்கணக்குல கோத்தா ஒரு சங்கிலி. சங்கிலி சும்மா நீளமா கிடந்தா எதுக்கும் உதவாது. மடங்கணும். எந்த உருவத்துல மடங்குதோ, அதுக்கேத்த வேலை. ஒண்ணு ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கும். ஒண்ணு சாப்பாட்டைத் துண்டு போடும். ஒண்ணு கிருமியைப் பிடிச்சுக் கட்டும். தசை சுருங்கறது, நகம், முடி எல்லாம் இதேதான். அல்புமின்னு ஒண்ணு இருக்கு. தண்ணியை ரத்தக் குழாய்க்குள்ளயே பிடிச்சு வெக்கிறது அதோட வேலை. அதுதான் உங்க வீட்டம்மாவுக்கு ஒழுகுது. பிடிக்க ஆளில்லாம தண்ணி வெளிய கசிஞ்சு கால்ல நிக்குது."

"அதான் டாக்டர், தினமும் ஊத்தறேன்."

"என்னத்தை?"

அவர் சொன்னார். டாக்டரம்மா கிளிப்புச் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாராம்.

"நீங்க குடுக்கற முட்டை முட்டையாவே ரத்தத்துக்குப் போகாதுய்யா. குடல் சங்கிலியை ஒவ்வொண்ணா கழட்டிடும். கல்லீரல் புதுசா கோக்கும். கோத்தது மறுபடியும் அதே ஓட்டை வழியா ஒழுகும். கழட்டினதுல ஒரு குப்பை மிஞ்சும். அதை யாரு வெளிய தள்ளணும்? அதே கிட்னிதான். முடியாம உக்காந்திருக்கறவன் தலையில தினமும் மூட்டை ஏத்தியிருக்கீங்க."

முட்டைக்காரர் முதலில் ஒரு சந்தேகம் கேட்டார். "அப்ப அந்தக் கோழி மடிச்சதெல்லாம் வீணா?"

அதற்கு டாக்டரம்மா சிரித்தார். அடுத்ததாக, "என்னாலதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டபோது சிரிக்கவில்லை. "நோய் உங்களால வரல" என்றார். வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. மீதியை முட்டைக்காரர் இன்றுவரை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். மொத்த வியாபாரிக்குக் கொஞ்சம் என்றால் என்னவென்று தெரியாது. வீட்டில் முட்டை நின்றது. முட்டை சேர்ந்த கேக் நின்றது, பிஸ்கட் நின்றது. முட்டை வாசம் வீசும் சட்டையைக் கடையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வேறு சட்டையோடு வீட்டுக்குப் போனார். இந்த நேரத்தில்தான் மச்சினன் வீட்டு விருந்து வந்தது. நடு இலையில் அந்த அம்மாள், இலையில் ஓர் அவித்த முட்டை, இரண்டாக வெட்டி, மிளகுத்தூள் தூவி.

"ஓடிப்போய் எடுத்தேன். வேற என்ன செய்ய?" என்றார். பெட்டியின் மேலிருந்த முட்டை சூடேறிவிட்டிருந்தது. அதைத் தட்டில் வைத்தார். "ஒண்ணு சொல்றேன், எழுதாதீங்க. அவ தூங்கறப்ப ஒருநாள் வீங்கின பாதத்துக்கு அடியில டார்ச்சை வெச்சுப் பாத்தேன். உள்ள என்னதான் ஆகுதுன்னு. சிவப்பா இருந்துச்சு. அவ்வளவுதான் தெரிஞ்சுது."

எழுதாதீங்க என்று சொன்னதைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள், என்ன செய்வது?

அதன் பிறகு சில மாதம் பத்தியம் நோயைக் கொஞ்சம் மெதுவாக நடக்க வைத்தது, நிறுத்தவில்லை. கடைசியில் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. இப்போது அந்த அம்மாள் வாரத்தில் சில நாள் மருத்துவமனைக்குப் போய் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். அது ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறது. முதல் நாள் கழுவி முடித்ததும் டாக்டரம்மா முட்டைக்காரரைக் கூப்பிட்டு, "இனிமே நல்லா முட்டை குடுங்க. வெள்ளைக்கரு மட்டும்" என்றார்.

முட்டைக்காரர் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாராம்.

"அன்னிக்கு வேணாம்னீங்களே டாக்டர். அதே முட்டைதானே?"

"முட்டை அதேதான். கிட்னிதான் இல்ல. குப்பையை இப்ப மெஷின் தள்ளிடுது. ஆனா கழுவறப்ப புரதத்துலயும் கொஞ்சம் போயிடுது. அல்புமின் ரொம்ப இறங்கிக் கிடக்கு. அது ஏறலைன்னா உடம்பு இந்தக் கழுவலைத் தாங்காது."

இப்போது வேண்டியது இவ்வளவுதான்: வெள்ளைக்கரு அந்த அம்மாளின் வயிற்றுக்குள் போக வேண்டும். இவரிடம் மலைபோல் இருக்கிறது. அந்த அம்மாளுக்கோ முட்டையைக் கண்டாலே குமட்டுகிறது. நோயில் வாயெல்லாம் தகர ருசி. ஆசைப்பட்ட காலத்தில் கிடைக்கவில்லை. கிடைக்கிற காலத்தில் ஆசை போய்விட்டது. தினமும் டப்பாவில் வெள்ளைக்கரு போகிறது, டப்பாவில் வெள்ளைக்கரு திரும்பி வருகிறது. பூனை மட்டும் கொழுத்துக்கொண்டிருக்கிறது.

இரு தரப்பையும் கேட்க வேண்டுமே என்று அடுத்த முறை நானும் கூடப் போனேன்.

நீள அறை. வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கொரு இயந்திரம், கையிலிருந்து புறப்பட்டுக் கைக்கே திரும்பும் சிவப்புக் குழாய்கள். சத்தமில்லாத டிவியில் யாரோ எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் அந்த அம்மாள். உடம்பு இளைத்திருந்தது, நாக்கு இளைக்கவில்லை.

"இவருதான் எழுதறவரா? நான் போனப்புறம் எழுதுங்க சார். இப்ப எழுதினா தப்பு கண்டுபிடிப்பேன்."

"இப்பவே கண்டுபிடிங்க. உங்க வாயிலேருந்து முட்டையைப் பிடுங்கினாராமே?"

"வாயில எங்க போச்சு? வாயைத் திறந்தேன், அதுக்குள்ள எடுத்துட்டாரு. அது போகட்டும், உடம்புக்கு ஆகாதுன்னு எடுத்தாரு. எடுத்து எங்க போட்டாரு, கேளுங்க."

முட்டைக்காரர் டிவியைப் பார்க்கத் தொடங்கினார்.

"அவரு வாயில! என் கண்ணு முன்னாடி மென்னு முழுங்கினாரு!"

"வீணாப் போயிடக் கூடாதுன்னுதான்..." என்றார் முட்டைக்காரர்.

வதந்தி பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ஆள் கருமிதான், ஆனால் தெரு சொன்ன இடத்தில் கருமி இல்லை.

அவர் டப்பாவைத் திறந்தார். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரே ஒரு வாய்ம்மா. டாக்டர் என்ன சொன்னாங்க?" மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், தானே ஒன்றைத் தின்று நடித்துக் காட்டினார்.

"அதான் நல்லாத் தெரியுதே, திங்கறதுக்கு. அந்தப் பாதியை மொதல்ல திருப்பிக் குடுங்க. அப்புறம் இந்த டப்பாவைப் பத்திப் பேசலாம்" என்றார் அந்த அம்மாள்.

வாயடைக்கத்தான் சொன்னார் என்று நினைத்தேன். முட்டைக்காரர் அப்படி நினைக்கவில்லை. கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்குச் சிரிப்பு வராது. அடுத்த முறை போனபோது ஓர் அவித்த முட்டையை மஞ்சள்கருவோடு கொண்டுவந்தார். நூலால் இரண்டாக அறுத்தார். மிளகுத்தூளும் பொட்டலமாக வந்திருந்தது. பாதியைச் சின்னத் தட்டில் வைத்து, விருந்தில் பரிமாறுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினார்.

நர்ஸம்மா எங்கிருந்தோ பாய்ந்து வந்தார். "மஞ்சள் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? பாஸ்பரஸ் ஏறிடும்! எடுங்க!"

முட்டைக்காரர் ஸ்பூன் நுனியால் மஞ்சளைச் சுரண்டி எடுத்தார். வெள்ளை மட்டும் ஒரு சின்னக் கிண்ணம் போலத் தட்டில் நின்றது. அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாய் மாட்டாத கையால் எடுத்து ஓரத்தைக் கடித்தார். முகம் சுருங்கியது. மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு கடி. தொண்டையில் அது இறங்குவதை முட்டைக்காரர் தன் பெட்டி வெளிச்சத்தில் பார்ப்பது போலப் பார்த்தார். கடைசித் துண்டும் போயிற்று. அவர் அவசரமாக டப்பாவைத் திறந்தார்.

மூடியை அந்த அம்மாள் அழுத்தி மூடினார். "அந்தப் பாதியைத்தானே கேட்டேன். இதெல்லாம் உங்க முட்டை."

"சரி, அந்தக் கணக்கு தீந்துச்சுல்ல?"

"எங்க தீந்துச்சு? அன்னிக்கு மஞ்சளோட இருந்துச்சு. அரை மஞ்சள் பாக்கி."

முட்டைக்காரர் நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா இயந்திரத்தைப் பார்த்தார். சுரண்டிய மஞ்சள் ஸ்பூனிலேயே இருந்தது. அதை வாயில் போட்டுக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. மிளகு வந்த காகிதத்திலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் அல்புமின் ஏறவில்லை. இறங்கவும் இல்லை. அரை முட்டை வெள்ளைக்கு அதுவே பெரிசு என்று முட்டைக்காரர் தன்னைத் தேற்றிக்கொண்டார். டப்பா போகிறது, வருகிறது. சில நாள் ஒரு கடி குறைந்திருக்கும். சில நாள் அதுவும் இல்லை.

தெருவில் இப்போது புதுப் பேச்சு. "தெரியுமா சார், மஞ்சளையெல்லாம் அவன் வெச்சுக்கிட்டு அந்தம்மாவுக்கு வெறும் வெள்ளையைக் குடுக்கறானாம்" என்றார் தையல்காரர், குண்டூசியோடு. இதில் நான் மறுக்கக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை.

ஒவ்வொரு முறையும் கழுவி முடித்துக் கிளம்பும்போது முட்டைக்காரர் டாக்டரம்மாவின் அறை வாசலில் நின்று, மஞ்சள் எப்போது கொடுக்கலாம் என்று கேட்கிறார். "பார்க்கலாம்" என்கிறார் அவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனைவி உடனே திரும்பி, "என்னங்க சொன்னாங்க?" என்கிறார்.

"பாக்கலாம்னாங்க."

"அப்ப பாக்கி அப்படியே இருக்கட்டும்."