நான் வெட்டிய வரி

‘பண்ணையாள்’ என்றால் அடிமையா, கூலிக்காரரா என்று எங்கள் வட்டார ஃபேஸ்புக் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. என் தாத்தா பண்ணை வைத்திருந்தவர். கூலிக்காரர்தான் என்று விடாப்பிடியாக நின்றேன்.

திருவிடைமருதூர்க்காரர் ஒருவர் எழுதினார்: “எங்கப்பா பண்ணையாள். வெளியில சொல்ல வெட்கப்பட்டேன். அவர் முதுகுல இருந்த சவுக்குத் தழும்பைப் பார்த்தப்புறம்தான், வெட்கப்பட வேண்டியது நாங்க இல்லன்னு புரிஞ்சுது.”

நான் நடுவரியை மட்டும் வெட்டியெடுத்துப் போட்டு, “பெத்த அப்பனைச் சொல்லவே வெட்கப்படுறவரு நமக்கு அர்த்தம் சொல்றாரு” என்று எழுதினேன். லைக் குவிந்தது.

இரண்டாம் நாள் அவரே போன் செய்தார்.

“முழுசாப் போட்டிருக்கலாமேங்க. நீங்க போட்டதை யாரோ அப்பாகிட்ட படிச்சுக் காட்டிட்டாங்க. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாரு, பேசவும் மாட்டேங்குறாரு. ஒருதரம் நீங்க வந்து சொல்லுங்க.”

“அறுப்பு முடியட்டும், வர்றேங்க” என்றேன். உண்மையில் வெட்கம்தான் தடுத்தது.

அறுப்பு முடிந்து, அவர் எழுதியதை முழுதாக அச்செடுத்துக்கொண்டு போனேன். அவருடைய அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

மகன் காகிதத்தை வாங்கி, படத்தின் முன் நின்று சத்தமாகப் படித்தார். இரண்டு வரியோடு நிறுத்தினார். காகிதத்தை என்னிடமே நீட்டினார்.

தழும்பு வரியை நான்தான் படித்தேன். என் குரலில் அதைக் கேட்க வேண்டியவர் ஒருவர்தான். அவர் இல்லை.