மீன்காரியின் முகம்

கடலூர்த் தெருக்களில் மீன் விற்ற காலத்தில் இருசம்மாள் ஒன்றைப் பழகியிருந்தாள். கூடை எவ்வளவு நாறினாலும் முகம் சுளிக்கக் கூடாது. விற்பவளே மூக்கைச் சுருக்கினால் வாங்குபவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

உப்பனாற்றில் ரசாயனக் கம்பெனிகளின் கழிவு கலந்த பிறகு அந்த முகமும் உதவவில்லை. "ஆத்து மீனா? மருந்து வாட அடிக்குது, வேணாம்" என்று வீட்டுக்கு வீடு கதவைச் சாத்தினார்கள். 2006இல் கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு கம்பெனி வாசலிலேயே வேலை கேட்டு நின்றாள். வேறு எங்கே போவாள்?

மேஸ்திரி ஒரு ரசாயன டிரம்மின் மூடியைத் திறந்துவிட்டு, வரிசையில் நின்ற பெண்களின் முகங்களைப் பார்த்தான். மற்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். இருசம்மாள் அசையவில்லை.

"இந்தம்மாதான் சரி. டிரம் கழுவுறதுக்குப் போட்டுக்க" என்றான். அன்று அவளுக்கு அதில் பெருமை வேறு.

ஆறு வருஷம் கழுவினாள். முதலில் தலையில் வைத்த மல்லிகை மணக்கவில்லை. அப்புறம் எதுவுமே மணக்கவில்லை, நாறவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுநகர் மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கி முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. விற்பவளின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு சுளிப்பும் இல்லை. அந்த முகத்தை நம்ப இருசம்மாளுக்கு என்ன பைத்தியமா?

பக்கத்தில் நின்ற இளம்பெண்ணிடம் மீனை நீட்டினாள். "தங்கச்சி, கெட்டுப்போச்சான்னு கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லேன்."

அவள் மூக்கருகே கொண்டுபோகாமலே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. நா கம்பெனியில டிரம் கழுவுறேன்."