அரசியல் பேசினால் சக்கரம் சுற்ற வேண்டும்

எங்கள் மோட்டார் தொழிலாளர் சங்கத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். கட்சிகள் மூன்று. ஒரே முதலாளியின் பஸ்களைத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஓட்டிக்கொண்டு, ஒரே கடையில் வடை தின்றுகொண்டு, மூன்று விதமாகத் தேசத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். கதர்க்காரர்கள் கதவோரம் உட்காருவார்கள். செங்கொடிக்காரர்கள் எதிர்ச்சுவரில் சாய்ந்திருப்பார்கள். கறுப்புச் சட்டை போட்ட நாலு பேருக்கு ஜன்னல். நான் எதிலும் சேராதவன் என்பதால் என்னைச் செயலாளராக்கினார்கள். கண்டக்டர்களில் என் கையெழுத்துத்தான் நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். அதில் எனக்குக் கர்வம் வேறு.

சைக்கிள் கடை மச்சில்தான் சங்க அறை. சுவரில் யார் படத்தை மாட்டுவது என்று ஒரு மாதம் சண்டை நடந்தது. மூன்று கட்சித் தலைவர்களையும் மாட்டலாம் என்று முடிவானதும், நடுவில் யார் என்று இன்னொரு மாதம். அதுவும் தீர்ந்தபின், எந்தப் படம் இரண்டு விரற்கடை உயரமாக இருக்கிறது என்று நூல் பிடித்துப் பார்த்தார்கள். முதலாளியிடம் சாரலுக்கு ஒரு மழைக்கோட்டுக் கேட்டு வாங்கத் துப்பில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான்.

இதற்கு முடிவு கட்டியவன் நான். படங்களையெல்லாம் இறக்கிவிட்டு ஒரு விதி எழுதினேன். சங்க அறைக்குள் அரசியல் பேசக்கூடாது. பேசினவன் மறுநாள் காலையில் கரி பஸ்ஸுக்குச் சக்கரம் சுற்ற வேண்டும்.

உலக யுத்தம் முடிந்தும் பெட்ரோல் சரியாகக் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் பின்னால் ஆளுயரத் தகர உருளை ஒன்று நிற்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டுத் தீமூட்டி, பக்கத்தில் உள்ள காற்றுச் சக்கரத்தை அரைமணி நேரம் கையால் சுற்றினால்தான் வண்டி கிளம்பும். முகமெல்லாம் கரியாகும். அது கிளீனரின் வேலை. எங்கள் கிளீனர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு பெண்களுக்குத் தகப்பனார். ஆனாலும் எல்லோருக்கும் அவர் 'ஏலே'தான். அவர்தான் எங்களை அண்ணாச்சி என்பார்.

விதி வந்ததும் ஒருவனை ஒருவன் மாட்டிவிடுவதே சங்க வேலையாகிவிட்டது.

"அரிசி என்ன வெல விக்குது வே?"

"அரிசி எங்க கெடைக்கி? இந்தச் சர்க்காரு இருக்க மட்டும்..."

"ஆச்சு! நாளைக்குச் சக்கரம் உமக்கு!"

கை தட்டிச் சிரிப்போம். நானும் சிரித்தேன். பெரிய சமாதானத்தை உண்டாக்கிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஆடியில் சாரல் பிடித்தது, கூட்டம் அலைமோதியது. ஐந்தருவி ஏற்றத்தில் ஒரு வண்டி இழுக்காமல் நின்றது. "கரியப் போடுலே, சீக்கிரம்!" என்று டிரைவர் கத்தினார். உருளையின் மூடியைத் திறக்கும்போது பக்கவாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும். அவசரத்தில் கிளீனர் நேரே நின்று திறந்துவிட்டார். உள்ளேயிருந்த தீ குப்பென்று பாய்ந்து வலது கையையும் கன்னத்தையும் பொசுக்கியது. 'கவனக்குறைவு, இனி வர வேண்டாம்' என்று முதலாளி அன்றைக்கே சொல்லியனுப்பிவிட்டார்.

ஒரே ஒரு நாள் வண்டிகளை நிறுத்தினால் போதும். அத்தனை கூட்டத்தையும் ரோட்டில் பார்த்தால் முதலாளி ஓடி வந்து கிளீனரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் போட்டோம். கிளீனரும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓரமாக வந்து உட்கார்ந்தார்.

"நம்ம மந்திரிசபை இப்பத்தான் வந்திருக்கு. இந்த நேரத்துல ஸ்டிரைக்குன்னா அதுக்குத்தான் கெட்ட பேரு" என்றார் கதர்க்காரர் ஒருவர்.

"அரசியல் பேசுதாரு! எழுதும் வே பேரை!" என்றது எதிர்ச்சுவர். அதே மூச்சில், "ஸ்டிரைக் பண்ணுதோம், வண்டியில செங்கொடி கட்டிப் பண்ணுதோம்" என்றது.

"இது மட்டும் அரசியல் இல்லையோ?" என்றது கதவோரம்.

முதலாளியின் சாதியையும் தீர்மானத்தில் எழுத வேண்டும் என்றது ஜன்னல். அதற்கும் பெயர் எழுதச் சொன்னார்கள். அந்திக்குள் ஒன்பது பெயர்கள் எழுதிவிட்டேன். கிளீனர் பெயர் மட்டும் நோட்டில் எங்கேயும் வரவில்லை.

"அண்ணாச்சி, எங் காரியம் என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டார்.

எல்லோரும் என் நோட்டையே பார்த்தார்கள். பேசினால் சக்கரம் சுற்ற வேண்டுமே. 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். விதியை எழுதியவனே அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். எனக்கு அன்று அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன். செயலாளர் அல்லவா!

மறுநாள் காலை, பட்டியலில் முதலாவதாக இருந்த கதர்க்காரர் சக்கரம் சுற்ற வந்தார். சுற்றிக் களைத்து, உள்ளே பார்க்கலாமென்று மூடிக்கு நேரே போய் நின்றார். "தள்ளி நில்லுங்க அண்ணாச்சி!" என்று ஒரு சத்தம் கேட்டது. கிளீனர். வேலை இல்லையென்று ஆனபிறகும் பழக்கத்தில் வந்து நின்றிருக்கிறார். இடது கையால் கதர்க்காரரை ஒதுக்கிவிட்டு, ஒதுங்கி நின்று மூடியைத் திறந்து காட்டினார். அப்புறம் வீட்டுக்குப் போய்விட்டார்.

புரட்டாசியில் எங்கள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கிளீனரை மீண்டும் சேர்க்க வேண்டும், இல்லையேல் ஒரு நாள் வேலைநிறுத்தம். மூன்று கட்சிகளும் கை தூக்கின. சங்கத்தின் வரலாற்றில் அதுதான் முதல் ஒற்றுமை. அப்போது அருவியில் தண்ணீர் வற்றியிருந்தது, பஸ்ஸில் ஆளில்லை. கிளீனரும் இல்லை. புளியறை தாண்டி மலையாளச் சீமையில் லாரிக்கு மரம் ஏற்றப் போய்விட்டார் என்றார்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன மரத்தை ஏற்றினாரோ தெரியாது.

தீர்மானத்தை நானே முத்து முத்தாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி இரண்டு தடவை வாசித்தார்.

"கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு வே" என்றார்.

நான் பல்லைக் காட்டினேன்.