ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமல் போன இஸ்திரிப் பெட்டி

ஒரு திங்கட்கிழமை காலை என் வெள்ளை பிளவுஸில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. நான் ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை செய்கிறேன்; வெள்ளைதான் சீருடை. இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடித்தட்டின் ஓரத்தில் ஏதோ சிவப்பாக உருகி, பளபளவென்று ஒட்டியிருந்தது.

டத்தோ கிராமாட்டில் எங்கள் ஃபிளாட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். எங்கள் இருவரிடமும் சிவப்புத் துணி கிடையாது. அப்படியானால் என் பெட்டி யாருடைய துணிக்குப் போய் வந்தது?

"தெரியலையே. பழசாயிடுச்சுலா," என்றார் அவர், தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. மாவு நிறுக்கும் சின்னத் தராசு ஒரு வாரம் காணாமல் போய், துடைத்த சுத்தத்தோடு திரும்பி வந்தது. என் நைலான் காலுறை ஜோடியில் ஒன்று மட்டும் இல்லை. சில மாதமாக ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் ஓவர்டைம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார். அதற்கு முன் இத்தனை வருட ஃபேக்டரி வேலையில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று அவர் ஒரு நாளும் போனதில்லை. ஒரு ஞாயிறு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். இஸ்திரி போர்டை மடித்துக் காரின் பின்சீட்டில் திணித்துக்கொண்டிருந்தார்.

எங்கோ இன்னொரு வீடு இருக்கிறது, அங்கே சிவப்பு உடுத்தும் ஒருத்தி இருக்கிறாள் என்று என் மனம் முடிவே கட்டிவிட்டது. அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும், அடுத்த தடவை இன்னும் கவனமாக இருப்பார்.

அடுத்த ஞாயிறு கெலுகோரில் இருக்கும் என் அக்காவை வரச் சொன்னேன். அவள் கீழே தன் காரில் காத்திருந்தாள்; அவருடைய கார் நகர்ந்ததும் நானும் ஏறிக்கொள்ள, பின்னாலேயே போனோம். தீவை விட்டுக் கடல் பாலம் தாண்டி, புக்கிட் மெர்தாஜாம் டவுனையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

"இவ்ளோ தூரம் வந்தா வீடு வச்சிருப்பாரு? பெட்ரோலுக்கே போயிடுமே," என்றாள் அக்கா.

"நீ ரோட்டப் பாரு."

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு திடலில் கார் நின்றது. நாங்கள் தள்ளி நிறுத்தி, மரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். கால் மணி நேரம் கழித்து நான் இறங்கி நடந்தேன். முதலில் கண்ணில் பட்டது என் இஸ்திரி போர்டு. திடலின் நடுவே கால் விரித்து நின்றது. அதன் மேல் இரண்டு ஃபோம் துண்டுகளை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்கள், எதையோ தாங்கி வைப்பதற்கு. பக்கத்தில் துடைப்பக் கட்டை ஒன்றை நட்டு, காற்றின் திசை பார்க்க அதன் நுனியில் என் காலுறையைக் கட்டியிருந்தார்கள். அது காற்றில் உப்பி ஆடியது. என் கணவர் கையில் ரிமோட்டோடு, தலையை நிமிர்த்தி நின்றார். அவருக்கு மேலே, சிவப்பு இறக்கையோடு ஒரு சின்ன விமானம் வட்டமடித்தது.

"ஓவர்டைமா?" என்றேன்.

அவர் தோள்கள் சட்டென்று இறுகின. ஆனால் திரும்பவில்லை.

"இப்ப திரும்ப முடியாது. பார்வைய எடுத்தா விழுந்துடும்."

"அந்தச் செவப்பு என்ன?"

"றெக்கைக்கு ஒட்டுற பிளாஸ்டிக் தாள். ஐயன் பெட்டி சூடு காட்டுனாதான் இறுகிப் பிடிக்கும்."

"தராசு?"

"மூக்குப் பக்கம் எவ்ளோ வெயிட்டு வைக்கணும்னு பார்க்க."

பக்கத்தில் நின்றிருந்த அவருடைய இளைய நண்பர், டவுனில் உணவுக்கடை வைத்திருக்கும் பாய், சங்கடத்தோடு சிரித்தார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்கலா. பிளேன் எங்க வீட்லதான் இருக்கு. அண்ணே அங்கதான் செய்வாரு."

"எங்கிட்ட மறைக்கிற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்?"

அவர் விமானத்தை இன்னொரு வட்டம் விட்டார். பிறகு, விமானத்தையே பார்த்தபடி சொன்னார்.

"நாலு வருசத்துக்கு முன்ன தீபாவளிக்கு வீடு கழுவுனப்ப, ஸ்டோர்ல ஒரு நீளப் பெட்டி இருந்துச்சு. டிவி வந்த பெட்டின்னு நீ குப்பையில போட்டுட்ட. அதுலதான் என் மொத பிளேன் இருந்துச்சு. எட்டு மாசம் செஞ்சேன்."

அந்தப் பெட்டி எனக்கு நினைவிருந்தது. உள்ளே வெள்ளையாக ஃபோம் தெரிந்தது. நான் மேற்கொண்டு பார்க்கவில்லை. அன்று மாலை அவர் ஸ்டோர் வாசலில் வெகுநேரம் நின்றதும் நினைவுக்கு வந்தது. என்ன தேடுறீங்க என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

விமானம் புல்லில் இறங்கி ஓடி நின்ற பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும் வழியில், "இப்ப சந்தேகம் தீர்ந்துச்சா?" என்று அக்கா கேட்டாள். தலையாட்டினேன். ஆனால் எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போனதை நாலு வருடம் வாய் திறக்காமல் வைத்திருந்த மனுஷர், இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருப்பார் என்ற எண்ணம் பாலம் முழுக்கக் கூடவே வந்தது.

சாயங்காலம் கேட்டேவிட்டேன். "வேற ஏதாச்சும் மறைச்சு வச்சிருக்கீங்களா?"

"ஒன்னும் இல்ல," என்றார்.

நான் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு அவர் கார் கதவைத் திறந்தபோது, நான் ஏற்கெனவே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.