கிணறு நிறைய

எண்பதுகளின் கடைசியில் பருத்திப்பட்டில் ஒரு போர்ஷனில் குடியிருந்துகொண்டு, சோழர் காலப் போர்க் கல்வெட்டுகளைப் பற்றி எம்.ஃபில். எழுதிக்கொண்டிருந்தேன். ஊரைக் கொளுத்தினேன், ஏரியை உடைத்தேன், பெண்களின் மூக்கை அரிந்தேன் என்று ராஜாக்கள் பெருமையடித்திருப்பார்கள். தாத்தா கல்வெட்டில் உள்ள வரி அப்படியே பேரன் கல்வெட்டிலும் இருக்கும். வரி ஒன்றாக இருந்தால் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியது, நம்பாதே. நான் கற்ற பாடம் இதுதான். சந்தேகப்படத் தெரிந்துவிட்ட கர்வத்தில் தலைகால் புரியாமல் ஆடினேன்.

அடுத்த போர்ஷனில் இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒரு அம்மாவும் அவர் மகளும் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்த தன் தம்பியிடம் மகளை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும், அந்த அம்மாவுக்கு வேறு நினைப்பே கிடையாது. அதற்கு ஊரில் நடந்ததை மனுவாக எழுதி அந்த நாட்டுத் தூதரகத்துக்குத் தர வேண்டும். "நீ தமிழில் எழுது, நான் இங்கிலீஷில் போட்டு அனுப்புகிறேன்" என்றார் மாதா கோவில் பாதர்.

"ஆமி வந்திட்டுப் போனாப் பிறகு பாத்தா, கிணறு நிறையச் சனம், தம்பி" என்றார் அந்த அம்மா. அவர் ஊர்க்காரப் பெண்கள் இருவர் அம்பத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களும் "கிணறு நிறைய" என்றார்கள்.

வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்தார். "இன்னா சார், மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லுதுங்க? பேசி வெச்சிகினு வந்துகீறாங்களா?"

எனக்கும் அதே எண்ணம்தான். மேலே சொல்ல வாயெடுத்த அந்த அம்மாவைப் "போதும்மா" என்று நிறுத்திவிட்டு, 'சிலர் இறந்ததாக ஊரில் பேச்சு' என்று எழுதினேன். படித்த பிள்ளை எழுதியது என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நேரில் பார்த்த சாட்சி இல்லை என்று மனு திரும்பி வந்தது. அப்போதுதான், ஏன் மூவரும் ஒன்றுபோலச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஊருக்கே அந்த ஒரு கிணறுதான், தம்பி. மூண்டு பேரும் அதுக்குப் பக்கத்தில நிண்டுதான் பாத்தனாங்கள்."

பாதர் திருத்தி எழுதி மறுபடி அனுப்பினார். முதலில் ஒன்று, இப்போது ஒன்று சொல்வதாக அதையும் தள்ளிவிட்டார்கள். மகள் போகவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள், நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தேன். எம்.ஃபில். மட்டும் குறையில்லாமல் கிடைத்தது. தாத்தா கொளுத்திய மாதிரியே பேரனும் கொளுத்தியிருக்கலாம். அல்லது இருவருமே பொய் சொல்லியிருக்கலாம். எதை நம்புவது என்று எனக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

அவர்கள் அகதி முகாமுக்குக் கிளம்பிய அன்று அந்த அம்மா என் கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்து ஒரு வரியில் விரல் வைத்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

"சிலர் எண்டு எழுதியிருக்கிறியள். அதில என்ர மகனும் இருக்கிறானோ, தம்பி?"

அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இருக்கிறான்மா" என்றேன். நான் எழுதியதில் அவன் இல்லை.